ஒருவர் மட்டும் போகக்கூடிய ஏரி

பேய், ஆவி, காத்து கருப்பு இதெல்லாம் என்னிடம் செல்லாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவதுதான் என் பிழைப்பு. மனிதனுடைய கண்ணை எங்கே ஏமாற்றலாம், காதை எப்படி நம்பவைக்கலாம், காட்சி எந்த அளவுக்குத் தாமதமானால் தலை சுற்றும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. யாராவது வந்து "என் கண்ணால பார்த்தேன் சார்" என்று ஆரம்பித்தால் வெளிச்சம் எப்படி இருந்தது, கடைசியாக எப்போது தூங்கினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டு அவர்களையே வெட்கப்பட வைத்திருக்கிறேன். அதனால் இப்போது நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் பாதியிலேயே எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் புரோகிராமராகச் சேர்ந்தேன். வீடு காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டுப் பக்கம். தினமும் பஸ். என் கூடப் படித்தவன் எல்லாம் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது, நான் மட்டும் வி.ஆர். வி.ஆர். என்று அலைந்துகொண்டிருந்தேன். விர்ச்சுவல் ரியாலிட்டி. தலையில் ஒரு ஹெட்செட்டை மாட்டினால் வேறு ஓர் இடத்தில் நிற்பதுபோல் தெரியும், தலையைத் திருப்பினால் அந்த இடமும் திரும்பும், அவ்வளவுதான் விஷயம். இதை என் அம்மாவுக்கு விளக்க அரை நாள் ஆனது. கடைசியில் அவர், "பயாஸ்கோப்பு காட்டறவனுக்கு இஞ்சினியரிங் எதுக்குடா?" என்று கேட்டார்.

முதலில் ஆய்வு வேலைகள்தான். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களைப் பொய்யான மொட்டை மாடியில் நிற்கவைத்துப் பயத்தைக் குறைக்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு திட்டம் வந்தது. என்ன செய்யலாம் என்று லேபில் எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். சூரிய மண்டலம், டைனோசர் என்று யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அம்சாவிடம் சொன்னேன். "ஏரிய காட்டுங்க. ஏரி எப்படி வேலை செய்யுதுன்னு எங்க ஸ்கூல் பசங்களுக்கே தெரியாது" என்றாள்.

அம்சா என் மனைவி. அம்சவேணி. காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல்காரி. ஊரில் பெரிய ஏரி, அவள் அப்பாவுக்கு அந்த ஏரிப் பாசனத்தில் நிலம். அவள் காஞ்சிபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். குள்ளம், நடை வேகம், வாய் அதைவிட வேகம். சின்ன வயதில் காதில் சீழ் வந்து வலது காது கேட்காமல் போய்விட்டது, அதனால் யார் பேசினாலும் இடது காதைக் கொடுப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் வைத்திருப்பாள். பேசாதபோதும் அப்படியே சாய்ந்திருக்கும். கல்யாண போட்டோவில் நான் விறைப்பாக நிற்கிறேன், அவள் யாரோ கூப்பிட்டதுபோலச் சாய்ந்து நிற்கிறாள்.

அவள் சொன்னபடி தாமல் ஏரியையே எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் கரையை அளந்து, மதகைப் போட்டோ எடுத்து, ஒரு பெரிய கணினியில் அந்த ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். வேலை முற்றியதும் லேபில் அனுமதி வாங்கி ஒரு செட்டை என் வீட்டு மாடி அறையிலேயே வைத்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்கும் ஆள் அம்சாதான். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நிற்பாள், அவள் பார்ப்பது மேஜைமேல் இருக்கும் திரையில் எனக்கும் தெரியும். நடக்க வேண்டுமென்றால் கையில் ஒரு சின்னக் கட்டை, அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் பார்க்கிற திசையில் முன்னே போகும். அவள் தலை சாய்ந்திருப்பதால் திரையில் ஏரியே சாய்ந்து தெரியும். "ஏய், தலைய நேரா வை, தண்ணியெல்லாம் ஒரு பக்கமா கொட்டிடப் போவுது" என்பேன். "கொட்டட்டும், அந்தப் பக்கம்தான் எங்க நிலம்" என்பாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முதல்முறை கரையிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் போனபோது அம்சா லேசாகக் குனிந்து ஒரு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். மாடி அறையில், சிமென்ட் தரையில், நனையாமல் இருப்பதற்காக. நான் சிரித்த சிரிப்பில் கீழே இருந்து அம்மா குரல் கொடுத்தார். அம்சாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, மறுவாரம் அவள் பள்ளி டீச்சர்களைக் கூட்டிவந்து மாட்டிவிட்டாள். புடவை கட்டிய அத்தனை பேரும் அதே இடத்தில் குனிந்து அதே மாதிரி தூக்கினார்கள். அதற்கப்புறம் அந்த வேலை சரியாக வந்துவிட்டது என்பதற்கு எங்களுக்கு அதுதான் அளவுகோல். லேபில் வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பெரிய பெரிய கேள்வித்தாள் எல்லாம் தயாரித்தார்கள், அதெல்லாம் எதற்கு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவளுக்கு இரண்டு குறை இருந்தது. ஒன்று, அந்த ஏரியில் ஆளே கிடையாது. ஓர் உருவத்தை வரைந்தால் கணினி திணறும், அதனால் மனிதர், மாடு, கொக்கு எதையும் நான் போடவில்லை. உள்ளே போகிறவரால் தன் கையைக்கூடப் பார்க்க முடியாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகவும் முடியும். "நீங்களும் உள்ள வாங்களேன், தனியா நடக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்பாள். "ஒருத்தருக்குத்தான்டி மிஷினு" என்பேன். நிஜக் கரையில் நடக்கும்போது அவள் எப்போதும் எனக்கு முன்னால் போவாள், கொஞ்ச தூரம் போனதும் நான் வருகிறேனா என்று இடது தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பாள். மாடி அறையிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. திரையில் திடீரென்று காட்சி திரும்பும், காலிக் கரை தெரியும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு அவளே சிரித்துக்கொண்டு முன்னே போவாள்.

இன்னொரு குறை, கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம். அப்படி வழிவதை எங்கள் பக்கம் ஏரி கோடி போகிறது என்பார்கள். கோடி போனால் ஊரே கலங்கலுக்கு வந்து தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் போட்டு, பூவைத் தண்ணீரில் விடும். அம்சா குழந்தையாக இருந்தபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு மழை ஒழுங்காக இல்லை. "ஏங்க, கோடி போறத போடுங்க. ரொம்பாத ஏரிய காட்டினா பசங்க குட்டைன்னு நெனச்சிக்கும்." ஓடுகிற தண்ணீரை வரைய அந்தக் கணினிக்குச் சக்தி போதவில்லை. புதிய கிராபிக்ஸ் கார்டு கேட்டிருக்கிறோம், வந்ததும் போடலாம் என்றேன். சரி என்றாள்.

கார்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தாள். வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டே பரீட்சைத் தாள் திருத்தினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் நடந்துதான் உள்ளே போனாள், எனக்கு முன்னால். மூளைக்காய்ச்சல் என்றார்கள். டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அதற்கப்புறம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். வீட்டில் அவள் புடவைகளை எடுத்து யாருக்காவது கொடுக்கலாம் என்று அம்மா சொன்னபோது நான் அம்மாவை அடிக்கப் போனேன். பெற்ற தாயை. அப்படி இருந்தேன்.

அவள் போய்ச் சில மாதம் கழித்து கார்டு வந்தது. சாவகாசமாக வந்து சேர்ந்தது சனியன். லேபில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு வந்து மாடி அறையில் உட்கார்ந்து கலங்கலைக் கட்ட ஆரம்பித்தேன். ஏரியை நிரப்பினேன், தண்ணீரைக் கல்மேல் வழியவிட்டேன், பூக்கள்கூடப் போட்டேன். சாமந்தியும் அரளியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று லேபில் சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், பளீரென்று வெயில். இருட்டும் இல்லை, மழையும் இல்லை, நாயும் ஊளையிடவில்லை. என் மாமனார் கன்னியப்பன் தாமலிலிருந்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மகள் போன பிறகு அவர் வந்தால் இரண்டு பேரும் காபி குடிப்போம், அவர் கிளம்பிவிடுவார். அன்று கிளம்புவதற்கு முன்னால், "பாப்பா பாத்துக்கினு இருக்குமே அந்த ஏரி, அத எனக்கும் ஒருவாட்டி காட்டுங்க மாப்ள" என்றார்.

மாடிக்குக் கூட்டிப் போனேன். ஹெட்செட்டை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றார், கண்புரை ஆபரேஷன் செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சரி, திரையில் பாருங்கள் என்று நாற்காலியைப் போட்டேன். ஹெட்செட் மேஜைமேல் இருந்தது, பொத்தான் கட்டை அதன் பக்கத்தில். ஹெட்செட் எங்கே இருக்கிறதோ அந்த உயரத்திலிருந்துதான் திரையில் காட்சி தெரியும். அதனால் கரையின் தொடக்கத்தில் தரையோடு தரையாகக் கொஞ்சம் புல்லும் மண்ணும் தெரிந்தது. நான் மாட்டிக்கொண்டு நடந்து காட்டலாம் என்று எழுந்தேன்.

அதற்குள் திரையில் காட்சி மேலே எழும்பியது.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி. ஹெட்செட் மேஜைமேல் அசையாமல் கிடக்கிறது. என் முதல் யோசனை, அறையில் இருக்கும் இரும்பு பீரோ. ஹெட்செட் இருக்கும் இடத்தை அந்தக் காலத்தில் காந்தப்புலத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம், பக்கத்தில் இரும்பு இருந்தால் காட்சி குதிக்கும், நடுங்கும். ஆனால் இது குதிக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. என் தோள் உயரத்துக்கு வந்து நின்றது. பிறகு லேசாகச் சாய்ந்தது.

ஏரி ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். அது கரைமேல் நடக்க ஆரம்பித்தது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை. அம்சா மாட்டியிருந்தபோது பதிவு செய்த பழைய நடை ஏதாவது ஓடுகிறதோ என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன், கீபோர்டைத் தட்டிப் பார்த்தேன், எந்தப் பதிவும் ஓடவில்லை. அப்படியே ஓடினாலும் அவள் நடந்த ஏரியில் கலங்கலில் தண்ணீர் கிடையாது. இது வேகவேகமாக நடந்து நேராகக் கலங்கலுக்குப் போனது. வழிகிற தண்ணீரைப் பார்த்ததும் நின்றது. அவ்வளவு நேரம் நின்றது, பூவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்பது மாதிரி மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. அதற்கப்புறம் கலங்கல் கல்லில் இரண்டு படி கீழே இறங்கியது. இறங்குவதற்கு முன்னால் லேசாகக் குனிந்தது.

மாமனார் நாற்காலியில் இருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், "பாப்பா" என்றார். சத்தமாக இல்லை. தூங்குகிற குழந்தை முழித்துக்கொண்டால் கூப்பிடுவது மாதிரி.

அப்போது அது இடது தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தது. காலிக் கரை. ஆளில்லாத நீளக் கரை. பார்த்துக்கொண்டே நின்றது. மற்ற நாட்களில் கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டு முன்னே போய்விடுவாள், அன்று போகவில்லை.

நான் யோசிக்கவே இல்லை. ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். நான் அங்கே போக வேண்டும், அவள் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. மாட்டியதும் நான் கரையின் தொடக்கத்தில் நின்றேன். முறைப்படி காட்சி எங்கே இருந்ததோ அங்கே, கலங்கலில் நிற்க வேண்டும், அது ஏன் என்று இன்றுவரை தெரியாது. பொத்தானை அழுத்திக்கொண்டு ஓடினேன். மேஜையில் இடித்தேன், வயரில் தடுக்கினேன். கலங்கலுக்குப் போனேன். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பூ போய்க்கொண்டிருந்தது. யாரும் இல்லை. அந்த ஏரி நேராக இருந்தது, துளிகூடச் சாயவில்லை. அம்சா அம்சா என்று நான் கத்தியதைக் கேட்டு அம்மா மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

ஒருவர்தான் உள்ளே போகமுடியும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவளை நானே வெளியே தள்ளிவிட்டேன் என்று சில வருடம் நம்பினேன். ஹெட்செட்டைத் தொடாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பாளே என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். மறுபடியும் மேஜைமேல் வைத்துவிட்டுப் பார்த்தோம். புல்லும் மண்ணும்தான் தெரிந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். புல்லும் மண்ணும்தான்.

மாமனார் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வரேன் மாப்ள" என்று கிளம்பிவிட்டார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. என் வேலை மட்டும் மாறியது. அதற்குப் பிறகு நான் செய்த திட்டம் எதுவானாலும், மருத்துவ மாணவர்களுக்கானதோ பள்ளிக்கூடத்துக்கானதோ, இரண்டு பேர் சேர்ந்து உள்ளே போகிற மாதிரிதான் எழுதினேன். செலவு ஆகும், தாமதமாகும் என்பார்கள். மாணவர்கள் கூடிக் கற்றால் நன்றாகக் கற்பார்கள் என்று ஒரு கதை சொல்லுவேன். கருத்தரங்குகளில் அதற்குக் கை தட்டியிருக்கிறார்கள்.

சில வருடம் கழித்து ஓர் ஐப்பசியில் அடித்த மழையில் தாமல் ஏரி நிஜமாகவே கோடி போனது. மாமனார் போன் செய்து வரச்சொன்னார். ஊரே கலங்கலில் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பூ விட்டார்கள். நானும் அவரும் கொஞ்சம் தள்ளி நின்றோம். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் சர்வ சாதாரணமாகக் கேட்டார்.

"அன்னைக்கு அந்த டிவில, உங்கள ஏன் மாப்ள கிழவனா போட்டிருந்தீங்க?"

எனக்குப் புரியவில்லை. "இன்னா மாமா சொல்றீங்க?"

"அதான், நீங்க அத தலையில மாட்டிக்கினு ஓடனீங்களே. நான் டிவிய பாத்துக்கினுதானே இருந்தேன். பாப்பா நின்ன எடத்துலயே நிக்குது. கரைமேல நீங்க வரீங்க. தலையெல்லாம் வெள்ளை. இந்த இடது காலு இருக்குதே, அத சாச்சி சாச்சி நடந்து வந்துக்கினு இருக்கீங்க. மூஞ்சி உங்க மூஞ்சிதான். நீங்க கிட்ட வந்ததும் பாப்பா ரெண்டு கல்லு மேல ஏறி வந்திச்சி. அதோட டிவி மாறிடுச்சி."

ஹெட்செட் என் தலையில் இருந்தபோது திரையில் தெரிய வேண்டியது நான் பார்க்கும் காட்சி. நான் திரும்பினால் அதுவும் திரும்ப வேண்டும். அவர் பார்த்ததோ அவள் கண்ணுக்குத் தெரிந்த காட்சி. அந்த ஏரியில் நான் ஒரு மனித உருவத்தைக்கூடப் போட்டதில்லை, கிழவனையோ குமரனையோ. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. மிஷின் அப்படித்தான் வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "சும்மா விளையாட்டுக்குப் போட்டேன் மாமா" என்றேன். "நல்லாத்தான் இருந்திச்சி" என்றார். அவரும் இப்போது இல்லை.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஓடிய அன்று எனக்கு வயது முப்பதைக்கூடச் சரியாகத் தாண்டவில்லை, தலையில் ஒரு நரை கிடையாது. இன்று கறுப்பு முடி ஒன்றுகூட இல்லை, அது எல்லோருக்கும் வருவதுதான், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. போன வருடம் இடது முழங்காலில் வலி வந்தது. தேய்மானம் என்கிறார் டாக்டர். படியில் ஏறும்போதும் சமதரையில் நடக்கும்போதும் சாய்கிறேன். சின்ன ஆபரேஷன்தான் சார், செய்துவிட்டால் பழையபடி நேராக நடக்கலாம், எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிடுகிறேன். நேராக நடந்து போனால் அவளுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.